சிங்கப்பூர் – நியூயார்க்: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்கிடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவரில் மாட்டிய உலக வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு இழுப்பதே முதல் தவறு. அந்தக் கோடு அரபிக்கடல், சகாரா, அட்லாண்டிக் எனப் போகும். உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தாலோ, இவ்விரு நகரங்களின் தீர்க்கரேகைகளும் ஏறத்தாழ நேரெதிராக இருப்பதால், நூல் சீனா, சைபீரியா வழியே வட துருவத்தை ஒட்டி ஏறிக் கனடா வழியே இறங்கும். அதன் நீளம் சுமார் 15,340 கி.மீ.; இணையத்தில் காட்டப்படுவது பெரும்பாலும் இந்த எண்தான்.

இந்தத் தூரத்தை 900 கி.மீ. வேகத்தால் வகுத்து, 17 மணி நேரம் என்று முடிவுகட்டுவது அதைவிடப் பரவலான தவறு. கால அட்டவணையில் ஏறக்குறைய பதினெட்டே முக்கால் மணி நேரம் என்றிருக்கும்; விமானம் வாயிலை விட்டு நகர்வது முதல் இறங்கிய இடத்தில் வாயிலை அடைவது வரை அதில் அடங்கும். தவிர, குறுகிய வழியில்தான் விமானம் பறக்கும் என்ற உறுதியும் இல்லை. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் கடுங்காற்றைத் துணைக்குக் கொள்ளப் பல நாட்களில் அது பசிபிக்கின் மேலாகச் செல்கிறது. கூடுதல் தூரம், குறைந்த நேரம். 2016-இல் ஏர் இந்தியா தன் டெல்லி – சான் பிரான்சிஸ்கோ சேவையைப் பசிபிக் வழிக்கு மாற்றியபோது, பயணத் தூரம் சுமார் 1,400 கி.மீ. கூடியும் நேரம் இரண்டு மணியளவு குறைந்தது. போகும் நேரமே திரும்பும் நேரமும் என்று கொள்வது ஏன் பிழையென்பது இதிலிருந்தே விளங்கும்.

பழைய கணக்கை நம்புவதும் ஆபத்து. ரஷ்ய வான்வெளி 2022-இல் மூடப்பட்டதும், ஒன்பதரை மணி நேரமாக இருந்த ஹெல்சிங்கி – டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமானது. நகரங்கள் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன.

பயணச்சீட்டைப் பார்த்துக் கணக்குப் போடுபவர்கள் வேறொரு குழியில் விழுகிறார்கள். ஜூலை மாதத்தில் சிங்கப்பூரில் இரவு 11.35-க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6.15-க்கு நியூயார்க்கில் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கழித்துப் பார்த்தால் 6 மணி 40 நிமிடம். சீட்டில் உள்ளவை அந்தந்த ஊர் நேரங்கள் என்பதால் 12 மணி நேர வேறுபாட்டைக் கூட்டினால்தான் உண்மையான 18 மணி 40 நிமிடம் வரும். சிங்கப்பூர் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்க, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவதால், மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அவ்வேறுபாடு 13 ஆகிவிடும்.

நள்ளிரவு தாண்டிய புறப்பாடுகளில் தேதியையும் கவனிக்க வேண்டும். 15-ஆம் தேதி 00.10 மணி என்று அச்சாகியிருந்தால் 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15 இரவு பெட்டியுடன் போய் நின்றால் விமானம் முந்தைய இரவே போயிருக்கும்.