புவிவெப்ப ஏசிக்கு டெண்டர் விடும் முன்

புவிவெப்ப ஹீட் பம்ப் என்பது, ஆழத் துளைகளில் இறக்கிய குழாய்களில் நீரைச் சுற்றவிட்டு, கட்டடத்தின் வெப்பத்தை மண்ணுக்குள் தள்ளும் ஏசி. அரசுக் கட்டடத்துக்கு இதை வாங்குகிறவர்கள் அதிகம் வழுக்கி விழுவது மண்ணைச் சோதிக்காமல் விலை கேட்கும் இடத்தில்தான். துளை ஒவ்வொன்றும் 60 முதல் 150 மீட்டர் வரை இறங்கும், செலவில் பெரிய பங்கு அதற்கே போகும். காய்ந்த மணலில் வெப்பம் சரியாகக் கடத்தப்படாது, அதனால் துளைகள் கூடும். சோதனைத் துளை ஒன்று போட்டு, குழாயில் சூடான நீரை இரண்டு நாளாவது சுற்றவிட்டுப் பார்த்தால் மண்ணின் குணம் தெரிந்துவிடும். அந்த அறிக்கை டெண்டரோடு போக வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் பயந்து விலையை ஏற்றுவார், இன்னொருவர் குறைத்துப் போட்டு வேலையைப் பிடித்துவிட்டு, 'பாறை வந்துடுச்சு' என்று பாதியில் கூடுதல் பணம் கேட்டு நிற்பார்.

சரி, குறைந்த விலைக்கே வேலை என்ற விதி? முதல் செலவை மட்டும் பார்த்தால் சாதாரண ஏசிதான் ஜெயிக்கும். மண்ணுக்குள் போகும் குழாய் 50 ஆண்டு தாங்கும், ஆகவே மின்கட்டணத்தையும் பராமரிப்பையும் சேர்த்த ஆயுட்காலச் செலவைக் கேளுங்கள்.

மிச்சமாகும் மின்கட்டணத்திலிருந்தே தவணை கட்டும் ஒப்பந்தமும் உண்டு. அமெரிக்க ஃபெடரல் அலுவலகங்களுக்கு அது 25 ஆண்டு வரை போகலாம். இதில் வம்பு, எதோடு ஒப்பிட்டு மிச்சம் என்பதுதான். பழைய பில்களை வைத்து அடிப்படை அளவை முதலிலேயே எழுதி, ஊழியர் கூடினால், வேலை நேரம் நீண்டால் அதை எப்படித் திருத்துவது என்பதையும் சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அளப்பவர் மூன்றாம் தரப்பாக இருக்கட்டும். நீரைச் சுற்றவிடும் பம்புக்கும் மீட்டர் வையுங்கள், அது தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் மிச்சத்தைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

அப்புறம், பெரும்பாலும் குளிரூட்டலே நடக்கும் கட்டடம் ஆண்டுதோறும் மண்ணுக்குள் வெப்பத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மண் மெல்லச் சூடேறி, சில ஆண்டில் திறன் விழும். ஓராண்டு வாரண்டி அதற்குள் முடிந்திருக்கும். 20 ஆண்டுக்கான மண் வெப்பக் கணக்கைக் கேளுங்கள், தேவைப்பட்டால், மிகுதி வெப்பத்தைக் காற்றில் வெளியேற்றும் கூலிங் டவர் ஒன்றும் சேர்க்கச் சொல்லுங்கள்.

கடைசிப் பில்லுக்குப் பணம் விடும் முன், துளைகளும் குழாய்களும் எங்கே எவ்வளவு ஆழத்தில் என்ற வரைபடத்தை வாங்கிவிடுங்கள். பத்து வருஷம் கழித்து வடிகால் தோண்ட வருகிறவருக்குக் கீழே குழாய் ஓடுவது எப்படித் தெரியும்?