மலையில் தீப்பரவலைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்ரவரி பிறந்தால் பழனி மலைத்தொடரில் தீக்காலம். கணினியில் தீப்பரவலை ஓட்டிப் பார்க்கப் புதியவர்கள் வந்து சேர்வதும் அப்போதுதான். சாய்வைப் பாகையில் கேட்கும் இடத்தில் சதவீதத்தைப் போடுவது போன்ற சறுக்கல்களை விட்டுவிடுகிறேன். வரைபடத்தைப் பார்த்ததுமே அவை பிடிபட்டுவிடும்.

எந்த உயரத்துக் காற்று?

எத்தனை பேரிடம் சொல்லியும் எனக்கு ஆத்திரம் ஆறாத தவறு இது.

ஃபார்சைட், ஃப்ளாம்மேப், பிஹேவ்பிளஸ் என்று தீப்பரவல் மென்பொருள் எதை எடுத்தாலும் தரைத்தீக்கு அடியில் ஓடுவது ரிச்சர்ட் ராதர்மெல் 1972-இல் வெளியிட்ட கணக்கு. அதற்கு வேண்டியது சுவாலையின் நடு உயரத்தில் வீசும் காற்று. நம் வானிலை நிலையங்கள் அளப்பதோ 10 மீட்டர் உயரத்தில். மேலே 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று, அடர்ந்த தைலமரத் தோப்புக்குள் சுவாலை உயரத்துக்கு வரும்போது 2 முதல் 4 தான் இருக்கும். திறந்த புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். இப்படிக் கழிக்காமல் 20-ஐ அப்படியே போட்டுவிடுகிறார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குமேல் செய்யும் வேலைதான் மோசம். கொடைக்கானலை ஒட்டிய பெருமாள்மலைப் பக்கம் ஒரு தோப்பில் முன்பு எரிந்த தீயை வைத்து ஒரு தம்பி பயிற்சி செய்தார். திரையில் தீ நிஜத்தைவிட வேகமாகப் பறந்தது. காற்றை அவர் சந்தேகப்படவில்லை. சருகின் ஈரத்தை 13 சதவீதத்துக்கு ஏற்றி, பரவல் வேகத்துக்கு ஒரு குறைப்பு எண்ணும் கொடுத்தார். எரிந்த எல்லையோடு கச்சிதமாகப் பொருந்தியது. அறையில் கைதட்டல் வேறு.

அப்புறம் அதே எண்களோடு பக்கத்துப் புல் சரிவுக்குப் போனார். தீ நகரவே இல்லை. சருகுக்கு 25 சதவீத ஈரம் வரை கணக்கில் தீ ஓடும். குட்டைப் புல்லுக்கு 12-ஐத் தாண்டினாலே பரவல் பூஜ்யம். பாதுகாப்பான சரிவு என்று பச்சை வண்ணம் அடித்துவிட்டார். கூட இருந்த தீக்காவலர் எட்டிப் பார்த்து, “தம்பி, அங்க பிடிச்சா நாங்க எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுவோம்” என்றார். 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களைத் தீ சூழ்ந்ததும் புல் மண்டிய சரிவில்தான். அந்தப் பச்சையை நம்பி யாராவது ஆட்களை நிறுத்தியிருந்தால்?

முதலில் காற்றைச் சரிசெய்யுங்கள். சருகையும் புல்லையும் தனித்தனியாக எடுத்து ஈரத்தை அளந்து போடுங்கள். அதன் பிறகும் பொருந்தாவிட்டால் குறைப்பு எண்ணைத் தொடலாம். ஒரு தீக்குப் பொருந்திய எண்களை வேறு வகைக் காட்டில் எரிந்த இன்னொரு தீயில் சோதிக்காமல் வெளியே காட்டாதீர்கள். ஃபார்சைட் தானே கழித்துக்கொள்ளும் என்பார்கள். மரங்கள் தரையை எவ்வளவு மறைக்கின்றன என்று சொல்லும் மரமறைப்பு அடுக்கைச் சரியாகக் கொடுத்திருந்தால்தான்.

ஒரே கட்டத்துக் காற்று

உலகம் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து வானிலையைத் தரும் இஆர்ஏ5 தரவின் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பெரியகுளம் சமவெளியும் 2,100 மீட்டர் உயரக் கொடைக்கானலும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடலாம். பகலில் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி, இரவில் இறங்கும் காற்று அதற்குத் தெரியாது. விண்ட்நிஞ்சா என்ற காற்றுக் கணிப்பு மென்பொருளில் கொடுத்து மலை வடிவத்துக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தீ எங்கே பிடிக்கும்?

பரவல் மாதிரியிடம் கேட்காதீர்கள். யாரோ அணைக்காமல் வீசும் பீடி அதில் உள்ளீடு இல்லை.

பச்சையாக இருப்பதை நம்புவது

புல், புதர், சருகு என்று எரிவதைப் பிரித்து இந்த மென்பொருள்களுக்காக 2005-இல் வந்த 40 எரிபொருள் வகைகளும் அமெரிக்கக் காடுகளுக்கானவை. மரத்தில் தொற்றி ஏறும் நம் உண்ணிச்செடிக்கு அதில் தனி இடம் இல்லை. கீழே எரியும் தீயை அது கிளை வரை ஏற்றிவிடும். மேல்மலையிலோ ஜனவரி உறைபனியிலேயே புல் கருகிவிடுகிறது. சமவெளியின் நாள்காட்டியை வைத்து அதற்கு ஈரம் போடாதீர்கள்.

செயற்கைக்கோள் புள்ளிகளை இணைப்பது

விர்ஸ் என்ற செயற்கைக்கோள் உணரி காட்டும் தீப்புள்ளி, 375 மீட்டர்ப் படத்துண்டின் நடுவில் வைத்த குறி. அவற்றை இணைத்தால் தீயின் எல்லை வராது. எரிந்த ஓரத்தைக் காவலர்களோடு நடந்தே ஜிபிஎஸ்ஸில் பதியுங்கள். கோடை மழைக்கு முன்பே போய்விடுங்கள். புல் துளிர்த்துவிட்டால் ஓரம் தெரியாது.