கொன்கோட் திராட்சையில் முதல் வைன்

செப்டெம்பர் நடுப்பகுதியில் டொரொன்டோவின் ஸ்காபரோப் பகுதி மரக்கறிக் கடை வாசல்களில் கருநீலக் கொன்கோட் திராட்சை கூடை கூடையாக வந்து இறங்கும். நயாகராப் பக்கத்துப் பழம். கார்க் கதவைத் திறக்கும்போதே வாசனை முகத்தில் அடிக்கும். அந்த நாட்களில் எனக்கு வரும் தொலைபேசியில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “பிள்ளை, எத்தனை நாள் ஊறவிடவேணும்?”

நாளைக் கேட்காதேங்கோ மாமி, சீனியைக் கேளுங்கோ என்பதுதான் என் பதில். கைமாறிக் கைமாறி வருகிற நத்தார் வைன் குறிப்புகளில் எல்லாம் 21 நாள், 40 நாள் என்று ஒரு கணக்கு இருக்கும். பழத்தின் இனிப்பு வருடத்துக்கு வருடம் வேறு. பேஸ்மென்ட்டின் குளிர் வீட்டுக்கு வீடு வேறு. ஒரு வீட்டில் 6 நாளில் முடிகிற நொதிப்பு இன்னொரு வீட்டில் 12 நாள் இழுக்கும். சாற்றில் சீனி எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு மிச்சம் என்பதை அளந்தால்தான் அடுத்த வேலைக்கு நேரம் வந்ததா என்று தெரியும். அதற்கு ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடி மிதவை வேண்டும். விலை அதிகமில்லை. மற்ற எதை வாங்காவிட்டாலும் இதை வாங்குங்கள்.

முதலில் சட்டம். கனடாவில் சொந்தப் பாவனைக்கு வீட்டில் வைன் செய்யலாம், விற்கக்கூடாது. தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வேறு எங்கிருந்து வாசித்தாலும் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கசிப்பு என்ற கள்ளச் சாராயம் குடித்துக் கண் போன கதைகள் கேட்டு வளர்ந்தவர்கள் இதற்கும் பயப்படுவார்கள். பழச்சாற்றை நொதிக்க வைப்பது வேறு, காய்ச்சி வடிப்பது வேறு. கண்ணைப் பறிக்கும் மெதனோல் வைனில் ஆபத்தான அளவுக்குச் சேராது. ஆனால் செய்த வைனை ஒருபோதும் காய்ச்சி வடிக்கவேண்டாம். அது சட்டவிரோதம், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

4 லீற்றர் கண்ணாடிக் குடுவை ஒன்றை நிரப்ப 3 கிலோ பழம் வாங்குங்கள். சாப்பாட்டுக்குப் பாவிக்கக்கூடிய 10 லீற்றர் பிளாஸ்டிக் வாளி, நைலோன் வடிபை, வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாமல் குடுவை வாயில் பொருத்தும் ஏர்லொக், ஊற்றாமல் உறிஞ்சி மாற்ற ஒரு குழாய், இவ்வளவும் வைன் சாமான் கடையில் கிடைக்கும். கூடவே கிருமியை அடக்கும் காம்டன் வில்லை, பெக்டிக் என்சைம், ஈஸ்ட்டுக்கான ஊட்டப்பொடி, ஈஸ்ட் பக்கற் ஒன்று. அலுமினியப் பாத்திரத்தில் இதைச் செய்யவேண்டாம், புளிப்பு அதை அரிக்கும்.

கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு. சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாக அலசி, பிறகு பொட்டாசியம் மெற்றாபைசல்பைற் கரைத்த தண்ணீரால் எல்லாவற்றையும் நனையுங்கள். அந்த ஆவி மூச்சை அடைக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்து வேறொருவரைச் செய்யச் சொல்லுங்கள்.

பழத்தைக் காம்பிலிருந்து உருவி எடுங்கள். பூஞ்சணம் பிடித்தது, வெடித்து ஈ மொய்த்தது எல்லாவற்றையும் எறியுங்கள். பச்சைக் காம்பு வாளிக்குள் போனால் வைனில் ஒரு கறல் கசப்பு தங்கிவிடும். கொன்கோட்டை விரலால் அழுத்தினால் தோல் கையில் நிற்க, பச்சை நிறச் சதை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். நிறமும் வாசனையும் பெரும்பாலும் அந்தத் தோலில்தான். அதனால் கையாலே பிசையுங்கள். பிளெண்டரில் அடித்தால் விதை உடைந்து கசக்கும். பிசைந்ததை வடிபையில் கட்டி வாளிக்குள் வையுங்கள்.

கொன்கோட் புளிப்புக் கூடிய பழம். தனிச் சாற்றில் செய்தால் பல் கூசும், அதனால் ஏறக்குறைய 1.75 லீற்றர் தண்ணீர் சேர்ப்பேன். ஒரு காம்டன் வில்லையைப் பொடியாக்கிப் போடுங்கள். பழத்தோடு வந்த காட்டுக் கிருமிகளை அடக்கும், குழாய்த் தண்ணீரின் குளோரினையும் போக்கும். 12 மணி நேரம் கழித்து அரைத் தேக்கரண்டி பெக்டிக் என்சைம். ஜாம் செய்ய உகந்த பழம் என்பதால் ஜாமை இறுக வைக்கும் பெக்டின் அதிகம், இது இல்லாவிட்டால் வைன் கலங்கலாகவே நிற்கும். வில்லை போட்டு 24 மணி நேரம் ஆகும்வரை ஈஸ்ட்டைத் தொடவேண்டாம்.

இப்போது அளவை. வெறும் தண்ணீரில் மிதவை 1.000 காட்டும். சீனி கூடக் கூட எண் ஏறும். உங்கள் இலக்கு 1.085. சீனியை 200 கிராம் கணக்கில் போட்டு, முழுதும் கரையக் கலக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து பாருங்கள். இந்த அளவுக்கு 550 முதல் 700 கிராம் வரை பிடிக்கும். லீற்றருக்கு 17 கிராம் சீனி நொதித்தால் ஏறக்குறைய 1 வீதம் மதுசாரம் வரும். 1.085இல் தொடங்கி 0.995இல் முடிந்தால் 12 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. எண்ணைத் திகதியோடு எழுதி வாளியிலேயே ஒட்டிவிடுங்கள்.

பாணுக்குப் போடும் ஈஸ்ட் வேண்டாம். மண்டி இறுகாது, பாண் மணமும் அடிக்கும். நான் பாவிப்பது லால்வின் 71பி. மொன்றியல் லால்மண்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. பழத்தின் மாலிக் அமிலத்தில் ஒரு பங்கை இது தின்றுவிடும், அதனால் கொன்கோட்டின் கூர்ப் புளிப்புத் தணியும். 5 கிராம் பக்கற் 23 லீற்றருக்கே போதும். சுமார் 40 பாகை வெந்நீர் 50 மில்லியில் 15 நிமிடம் ஊறவிட்டுச் சாற்றில் ஊற்றுங்கள், ஊட்டப்பொடியையும் சேருங்கள்.

வாளியின் மூடியை இறுக்கவேண்டாம். துணியால் மூடி ஒரு கயிறு கட்டினால் ஈ வராது. ஒரு நாளுக்குள் காதை வைத்துக் கேட்டால் மெல்லிய பொருபொருப்புக் கேட்கும். இரண்டாம் நாள் ஊதா நுரை பொங்கி, பழப் பை மேலே வந்து தொப்பிபோல் மிதக்கும். காலையும் மாலையும் கிருமி நீக்கிய அகப்பையால் அதை உள்ளே அமுக்குங்கள். மேலே காய்ந்து கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும், வினாகிரி ஆகவும் தொடங்கும். 20 முதல் 24 பாகை வெப்பம் நல்லது. அதற்குக் குறைந்த பேஸ்மென்ட்டில் வாளியைச் சுற்றிப் பழைய போர்வை போர்த்துங்கள்.

எண் 1.015 அளவுக்கு இறங்கியதும் பையைத் தூக்கி, முறுக்காமல் பிழிந்து, வைனைக் குடுவைக்கு மாற்றி ஏர்லொக் பொருத்துங்கள். இதுவரை காற்று ஈஸ்ட்டுக்கு உதவியது. இனி அதுதான் எதிரி. கழுத்துவரை நிரம்பியிருக்கவேண்டும், இடைவெளி இருந்தால் மிஞ்சியதை ஊற்றி நிரப்புங்கள். ஏர்லொக் இல்லாமல் இறுக்கி மூடிய கண்ணாடி வெடிக்கும், அதில் விளையாட்டு வேண்டாம்.

0.995க்கு அருகில் வந்து, ஒரு வாரம் இடைவிட்டு இரண்டு முறை அளந்தும் எண் அசையாமல் நின்றால் சீனி முடிந்தது. அடிமண்டியைக் கிளப்பாமல் குழாயால் வேறு குடுவைக்கு உறிஞ்சி எடுங்கள், ஒரு காம்டன் வில்லை சேருங்கள். இன்னும் 2, 3 மாதத்தில் மறுபடி மண்டி படியும், மறுபடி மாற்றுங்கள். இந்த நாட்டுக் குளிரும் எங்களுக்கு உதவி. முன்வாசலுக்குக் கீழே இருக்கும் குளிர் அறையில், உறைய விடாமல், பனிக்காலத்தில் சில வாரம் வைத்தால் புளிப்பு உப்பு பளிங்குத் துகளாக அடியில் படியும். குடிக்கும்போது வைன் அவ்வளவுக்கு மென்மையாக இருக்கும். பல தலைமுறையாக வைன் செய்யும் என் இத்தாலிய அயலவரும் ஜனவரியில் குடுவைகளை அங்குதான் இறக்குவார்.

எங்கள் ஆட்களுக்கு வைன் என்றால் இனிக்கவேணும். அதற்காகப் போத்தலில் சும்மா சீனி போடாதீர்கள். மிச்ச ஈஸ்ட் விழித்துக்கொண்டால் போத்தல் வெடிக்கும். வைன் தெளிந்த பிறகு, ஈஸ்ட் மறுபடி பெருகாமல் தடுக்கும் பொட்டாசியம் சோர்பேற்றையும் காம்டனையும் சேர்த்தே போடுங்கள், அளவு பக்கற்றில் இருக்கும். சோர்பேற்றைத் தனியே போட்டால் சில நேரம் ஜெரேனியம் இலை மணம் வந்துவிடும், பிறகு போகாது. சில நாள் கழித்துச் சீனிப் பாகைச் சிறிது சிறிதாகக் கலந்து ருசி பாருங்கள். ஒரு கிழமை ஏர்லொக்கின் கீழ் வைத்து, எண் இறங்கவில்லை என்று கண்டபின் போத்தலில் அடையுங்கள்.

ஆக, செப்டெம்பரில் போட்டது இந்த நத்தாருக்கு வராது. உயிர்த்த ஞாயிறுக்கு ஒரு போத்தலைத் திறந்து பார்க்கலாம். அடுத்த நத்தாருக்கு இன்னும் நன்றாக இருக்கும். தக்கை அடைத்த போத்தல்களைப் படுக்க வைத்து, வெளிச்சம் படாத இடத்தில் அடுக்குங்கள். திறந்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து 4, 5 நாளுக்குள் முடித்துவிடுங்கள்.