இ-சைக்கிளில் ஆபீஸ் போய் உடம்பைத் தேற்றுவது எப்படி?

"மோட்டார் வைத்த சைக்கிளில் என்ன உடற்பயிற்சி?" இ-சைக்கிள் வாங்கிய எல்லாரும் கேட்டுச் சலித்த கேள்வி இது. நியாயமான கேள்விதான். த்ராட்டிலைத் திருகிக்கொண்டே போனால் அது மெதுவாகப் போகிற ஸ்கூட்டர், அவ்வளவுதான். பெடல் மிதித்தால் மட்டும் மோட்டார் கைகொடுக்கிற மாதிரி ஓட்டினால் கணக்கு மாறும். சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகம் 2018-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், எடை கூடுதலாக இருந்த, பயிற்சிப் பழக்கம் இல்லாத ஆட்களை 4 வாரம் வேலைக்கு சைக்கிளில் போகச் சொன்னார்கள். வாரம் குறைந்தது 3 நாள், 6 கி.மீ. இ-சைக்கிள் ஓட்டியவர்களுக்கும் சாதா சைக்கிள் ஓட்டியவர்களுக்கும் மூச்சுத்திறன் ஏறக்குறைய ஒரே அளவில் கூடியிருந்தது.

சென்னையை மனதில் வைத்து எழுதுகிறேன். மேடு என்றால் இங்கே மேம்பாலம்தான். உண்மையான எதிரி வெயில்.

1. உங்கள் வண்டி எந்த ரகம் என்று பாருங்கள்

மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள்ளும் இருந்தால் பதிவும் வேண்டாம், லைசென்சும் வேண்டாம். அதைவிட முக்கியம் உள்ளே இருக்கும் சென்சார். லேசான கியரில், அழுத்தமே கொடுக்காமல் காலைச் சும்மா சுற்றிப் பாருங்கள். வண்டி பாய்ந்து போனால், பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் கேடன்ஸ் சென்சார். அழுத்த அழுத்தத்தான் மோட்டாரும் சேர்ந்து இழுத்தால் டார்க் சென்சார். உடம்புக்கு இரண்டாவதுதான் நல்லது, ஆனால் விலை கூடும்.

கேடன்ஸ் சென்சார்தான் இருக்கிறது என்றாலும் கவலையில்லை. பல மாடல்களில் ஒவ்வொரு அசிஸ்ட் (மோட்டார் தரும் உதவி) அளவுக்கும் ஒரு வேக வரம்பு இருக்கும். லெவல் 1 மணிக்கு 12 கி.மீ.யில் நின்றுவிடுகிறது என்றால் நீங்கள் 15-ல் மிதியுங்கள். கிளம்பும்போது மோட்டார் தள்ளிவிடும், அப்புறம் எல்லாம் உங்கள் கால்தான்.

வளைந்த ஹேண்டில்பார் வைத்த எலெக்ட்ரிக் ரோடு பைக்கில் இந்தத் தந்திரமே தேவையில்லை. எடை பெரும்பாலும் 12 முதல் 15 கிலோவுக்குள் இருப்பதால், 25-ல் மோட்டார் விலகிக்கொண்ட பிறகும் சமதளத்தில் மிதித்துப் போகலாம். 20 கிலோவுக்கு மேல் கனக்கிற சாதா இ-சைக்கிளில் அந்த இடத்தில் சுவரில் முட்டின மாதிரி இருக்கும்.

2. சீட்டும் காற்றும்

பெடலைக் கீழே கொண்டுவந்து அதில் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். மடங்கினால் சீட்டை ஏற்றுங்கள். தாழ்ந்த சீட்தான் முட்டிவலிக்கு முதல் காரணம். டயரின் ஓரத்தில் காற்றழுத்த அளவு அச்சிட்டிருக்கும், வாரம் ஒருமுறை பாருங்கள்.

3. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

ஆபீஸ் வழியை லீவு நாளில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கூகுள் மேப் காட்டும் பிரதான சாலையே சரியான வழி என்று இல்லை. வேளச்சேரியிலிருந்து தரமணி போகிறவருக்கு உள்தெருக்கள் சுற்றுவழியாக இருந்தாலும் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒண்டிப்போகும் வேலை இல்லை. ஹெல்மெட், பின்விளக்கு இரண்டும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

4. காலையில் மோட்டார், மாலையில் கால்

என்னைக் கேட்டால் இ-சைக்கிளின் மொத்தப் பயனும் இங்கேதான் இருக்கிறது. காலையில் அசிஸ்டை 3-லோ 4-லோ வைத்துப் போங்கள். சட்டை நனையாமல் போய்ச் சேரலாம், மீட்டிங்கில் பக்கத்தில் உட்கார்பவருக்கும் நிம்மதி. மாலையில் வீட்டில் குளியலறை காத்திருக்கிறது, வியர்த்தால் என்ன? லெவல் 1-க்கு இறக்குங்கள். மேம்பாலத்தில் மட்டும் ஏற்றிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு மூச்சு வாங்க வேண்டும்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான உழைப்பு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது இந்த அளவு உழைப்பு வேண்டும் என்கிறது. அரை மணி நேரப் பயணம் என்றால் 5 மாலைகளிலேயே அது முடிந்துவிடும், காலைப் பயணத்தைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

கனமான கியரைப் போட்டு முக்கி முக்கி மிதிக்காதீர்கள். நிமிடத்துக்கு 70, 80 சுற்று வருகிற கியர் போதும். இதய நோய், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

5. பேட்டரியில் கண் வையுங்கள்

எடை மெஷினைவிட நான் நம்புவது இதைத்தான். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் உள்ளே 360 வாட்-அவர் (36 × 10) மின்சக்தி இருக்கிறது. மோட்டாரை நன்றாக வேலை வாங்கினால் கிலோமீட்டருக்குச் சுமார் 10 வாட்-அவர் செலவாகும். ஆபீஸ் 9 கி.மீ. தூரம் என்றால், திங்கள் காலை முழுச் சார்ஜில் கிளம்பியவருக்கு செவ்வாய் இரவே சார்ஜர் தேவைப்படும். செலவு 5 வாட்-அவருக்கு இறங்கினால் அதே சார்ஜ் வியாழன் வரை ஓடும். அந்த வித்தியாசத்தைக் கொடுத்தது உங்கள் தொடை.

ஒன்று கவனியுங்கள்: மேம்பாலம் ஏறும்போது டிஸ்பிளேயில் கட்டம் சட்டென்று குறையும், இறங்கினதும் திரும்ப வரும். வண்டியை நிறுத்திச் சில நிமிடம் கழித்துப் பார்ப்பதே சரியான அளவு. ஒரு வாரத்தை வைத்தும் முடிவு செய்ய வேண்டாம், எதிர்க்காற்று கணக்கைக் கெடுக்கும். ஒரே வழி, ஒரே அசிஸ்ட் வைத்து ஒரு மாதம் குறித்து வாருங்கள். செலவு குறையவே இல்லை என்றால் மாலையில் அசிஸ்டை எங்கோ கூட்டி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

வெயிலில் நின்ற வண்டியை உடனே சார்ஜ் போடாதீர்கள், பேட்டரி ஆறட்டும். ஐப்பசி மழையில் சக்கரத்தின் நடுவில் இருக்கும் மோட்டார் முங்குகிற அளவுக்குத் தண்ணீர் நின்றால் இறங்கித் தள்ளுவதும் வேண்டாம், வேறு தெரு பாருங்கள்.

6. அப்புறம் ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை)

வாரநாட்கள் பழகிவிட்டால் ஞாயிறு விடியற்காலையில் திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு பக்கம் போய் வாருங்கள். சமதளத்தில் அசிஸ்டை முழுக்க அணைத்துவிட்டு ஓட்டிப் பார்க்க இதைவிடத் தோதான ரோடு கிடையாது. மார்கழியில் மட்டும் உஷார்: வடகிழக்குக் காற்று போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். பேட்டரியைப் பாதிக்கு மேல் மிச்சம் வைத்துக்கொண்டு திரும்புங்கள்.