போர் தண்ணீரும் கார் ஷாம்புவும்: என் அனுபவம்

சேலத்தில் போர் தண்ணீரில் கழுவிய கார் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளியாக நின்றது. பழி முதலில் ஷாம்பு மேல்தான் விழுந்தது. புள்ளிக்குக் காரணம் தண்ணீரிலிருந்த கால்சிய, மெக்னீசிய உப்பு. பெயின்ட்டும் மங்கியிருந்தது; அதற்குத்தான் முன்பு ஷாம்புக்குப் பதில் போட்ட பாத்திரம் கழுவும் திரவம் காரணம். அது அழுக்கோடு மெழுகுப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும்.

பிஹெச் 7-ஐ ஒட்டிய, அதாவது அமிலமும் காரமும் இல்லாத, கார் ஷாம்பு போதும். பாட்டிலில் 1:300 என்றிருந்தால் 10 லிட்டர் வாளிக்கு 33 மில்லி. உப்புத் தண்ணீரில் நுரை குறையும், அதற்காக இன்னும் ஊற்ற வேண்டாம். கலவையைத் தொட்டால் கை வழுக்கினால் சரி.

ஏற்காட்டிலிருந்து இறங்கிய வண்டியென்றால் பிரேக் டிஸ்க் ஆறும்வரை சக்கரத்தில் தண்ணீர் அடிக்கக் கூடாது. செம்மண்ணை வெறும் தண்ணீரில் இறக்கிய பிறகே துணி; இல்லாவிட்டால் கீறல் நிச்சயம். துணியை அலச இன்னொரு வாளி.

நிழலில் கழுவி, கடைசி அலசலுக்கு மட்டும் குழாயில் வரும் மேட்டூர் காவிரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ 5 லிட்டர். ஆர்ஓ கழிவுநீர் ஆகவே ஆகாது, அதில் உப்பு இன்னும் அதிகம். உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்கவும்.

பழைய புள்ளிக்கு வெள்ளை வினிகரும் நல்ல தண்ணீரும் சம அளவு. ஒரு நிமிடம் ஒற்றிவைத்துக் கழுவ வேண்டும். அதற்கும் போகாவிட்டால் பாலிஷ்தான்.