தமிழ் உடையும் இடத்தில் தொடங்குங்கள்: திறந்த மூல மென்பொருளுக்கு முதல் பங்களிப்பு

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ சம்மாந்துறையிலோ கணினி படிக்கிற பிள்ளைகளிடம் திறந்த மூல மென்பொருள் (யாரும் நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடியது) என்று பேச்செடுத்தால், "அதுக்கு நல்லாக் கோட் எழுதத் தெரிய வேணுமே" என்பார்கள். முதல் பங்களிப்புக்கு அது வேண்டாம். பெர்லினில் இருந்து செயலி எழுதுகிறவருக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரியும்: தமிழ் எழுத்து அவருடைய செயலியில் எங்கே உடைகிறது என்பது. அவர் தமிழில் தட்டுவதே இல்லை. ஆகவே அந்தப் பிழை அவர் கண்ணில் படப்போவதும் இல்லை.

கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) நிறுவுவது, கிட்ஹப் (அந்த நிரலைப் பகிரும் தளம்) கணக்குத் திறப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது வழக்கமான ஆங்கிலக் கட்டளைதான்.

முதலில் எதில் கைவைப்பது

லினக்ஸ் கேர்னல், ஃபயர்ஃபொக்ஸ், லிப்ரே ஒஃபிஸ் மூன்றையும் இப்போதைக்கு விடுங்கள். மூலநிரலை இறக்கவே பல ஜிகாபைட் டேட்டா போகும், கட்டியெழுப்ப மணிக்கணக்கு எடுக்கும், விடுதி வைஃபையில் பாதியில் அறுந்தால் திரும்ப முதலிலிருந்து. உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கிற ஒரு சின்னச் செயலி போதும். திறந்த மூலச் செயலிகளுக்கு எஃப்-டிரொயிட் நல்ல கடை: ஒவ்வொரு செயலியின் பக்கத்திலும் மூலநிரலுக்கும் பிழைப் பட்டியலுக்கும் இணைப்பு இருக்கும். குறிப்பெழுதும் செயலி, செலவுக் கணக்குச் செயலி, அன்டெனாபொட் போன்ற பொட்காஸ்ட் செயலி என்று தேடுங்கள்.

தெரிவு செய்யுமுன் ரெப்போவில் (செயலியின் மூலநிரல் இருக்கும் இடம்) இரண்டைப் பாருங்கள். கடைசி கொமிட் (பதிந்த மாற்றம்) எப்போது நடந்தது? வெளியாட்களின் புல் ரிக்வெஸ்ட்கள் (தம் திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைகள்) கடந்த ஓரிரு மாதத்தில் ஏற்கப்பட்டிருக்கின்றனவா? இரண்டாவதுதான் முக்கியம். கிட்ஹப்பில் விழுந்த விருப்ப நட்சத்திரம் எத்தனை ஆயிரம் என்பது இதில் ஒன்றுமே சொல்லாது.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரரின் விளையாட்டு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கல்முனை, மருதமுனை, கல்லடிக் கரைகள் அழிந்து கிடந்தபோது, லங்கா சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷனைச் சுற்றிக் கூடிய இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதியதுதான் சஹானா என்ற திறந்த மூல மென்பொருள். காணாமற்போனோர் பதிவு, முகாம் விபரம், நிவாரணப் பொருட் கணக்கு எல்லாம் அதில் இருந்தன. ஃப்ரீ சொஃப்ட்வெயர் ஃபவுண்டேஷன் சமூகப் பயனுள்ள திட்டங்களுக்குத் தரும் விருது 2006இல் அதற்குக் கிடைத்தது.

உடைத்துப் பார்ப்பது

"மட்டக்களப்பு" என்று தட்டுங்கள். கண்ணுக்கு எட்டு எழுத்து. பைதானில் நீளம் சொல்லும் லென்னைக் கேட்டால் 12 என்று சொல்லும், ஏனென்றால் யூனிகோட்டில் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள். தலைப்பை இத்தனை எழுத்தோடு வெட்டு என்று எழுதப்பட்ட செயலி 11இல் வெட்டினால் "மட்டக்களப்ப" என்று நிற்கும். பெயரின் முதலெழுத்தை வட்டத்துக்குள் போடும் செயலிகளில் "கோபி"யைச் சேர்த்துப் பாருங்கள். பலதில் வெறும் "க" வரும். திருத்தம் பெரிய வேலையில்லை. ஜாவா, கொட்லினில் பிரேக் இட்டரேட்டர், ஜாவாஸ்கிரிப்டில் இன்டிஎல் செக்மென்டர், இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தாகவே பிரித்துத் தரும்.

அடுத்தது தேடல். "கொக்கட்டிச்சோலை" இதற்கென்றே வைத்த பெயர் மாதிரி. ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். சோவிலும் அதே கதை. ஆக, திரையில் அச்சொட்டாக ஒன்றுபோலத் தெரியும் ஊர்ப்பெயர் ஒருவகையில் 15 குறியீடு, இன்னொருவகையில் 17. ஒன்றைச் சேமித்துவிட்டு மற்றதைத் தேடினால் "முடிவு இல்லை" என்று வரும். போன் விசைப்பலகைகள் பொதுவாக ஒற்றைக் குறியீட்டைத்தான் தரும். பிரிந்த வடிவம் வேண்டுமானால் பைதானின் யூனிகோட்டேட்டா மொட்யூலில் நோர்மலைஸ் கட்டளைக்கு என்எஃப்டி கொடுத்து எடுத்து, அதைப் படியெடுத்து ஒட்டுங்கள். திருத்தம்: ஒப்பிடுமுன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி (சேர்ந்த வடிவம்) ஆக்குவது. பெரும்பாலும் ஒரே வரி.

மூன்றாவது வரிசைப்படுத்தல். பல், பவளம், பழம், பள்ளி என்பது அகராதி வரிசை. யூனிகோட் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் செயலியில் பல், பள்ளி, பழம், பவளம் என்று வரும். அதற்குக் கொலேட்டர் (மொழியின் அகராதி வரிசைப்படி அடுக்கும் கருவி) வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. பேக்ஸ்பேஸ் அழுத்தினால் முழு எழுத்தும் போகாமல் விசிறியோ புள்ளியோ மட்டும் போவது பிழையில்லை. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அதை முறையிட்டால் உடனே மூடிவிடுவார்கள்.

பிழையை அறிவிப்பது

பிழைப் பட்டியலில் திறந்தவை, மூடியவை இரண்டிலும் முதலில் தேடுங்கள். இல்லையென்றால் புதிய இஷ்யூ (பிழை அறிக்கை): செயலியின் பதிப்பு, அன்ட்ரொயிட் பதிப்பு, என்ன தட்டினீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷொட்) ஒன்று. தமிழ்ச் சொல்லைப் படமாக மட்டும் போடாமல் எழுத்தாகவும் ஒட்டுங்கள். தமிழ் தெரியாதவர் அதைப் படியெடுத்தால்தான் சோதிக்க முடியும். எளிய ஆங்கிலம் போதும். "டியர் சேர்" தேவையில்லை. "இதை எனக்கே ஒதுக்கித் தாருங்கள்" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காணாமல் போவது அதைவிட மோசம். இவ்வளவுமே ஒரு முழுப் பங்களிப்புத்தான்.

திருத்தத்தை அனுப்புவது

ஃபோர்க் (உங்கள் கணக்கில் ஒரு பிரதி) எடுங்கள். அதைக் கணினிக்கு இறக்கும்போது, அதாவது குளோன் செய்யும்போது, டெப்த் 1 சேர்த்தால் பழைய வரலாறு இறங்காது, டேட்டா மிச்சம். மெயின் என்ற முதன்மைக் கிளையில் வேலை செய்யாமல் புதுக் கிளை ஒன்று திறவுங்கள்.

பெரும்பாலானோர் தடக்குப்படுவது மாற்றத்தை கிட்ஹப்புக்கு ஏற்றும் கிட் புஷ்ஷில். கடவுச்சொல் சரியாக இருந்தும் ஏற்காது. 2021 ஒகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கணக்குக் கடவுச்சொல்லை கிட்ஹப் ஏற்பதில்லை. பழைய யூடியூப் பாடங்கள் இன்னும் அதையே காட்டிக்கொண்டிருக்கின்றன. கடவுச்சொல்லுக்குப் பதிலாக டோக்கன் (கிட்ஹப் தரும் நீண்ட குறி) எடுக்கலாம், ஆனால் அதற்குக் காலாவதி உண்டு, பத்திரப்படுத்தும் தொல்லையும் உண்டு. எஸ்எஸ்எச் சாவியே (உங்களை அடையாளம் காட்டும் கோப்புச் சோடி) மேல். எஸ்எஸ்எச் கீஜென் கட்டளையில் ஈடி25519 வகையைக் கொடுத்தால் இரண்டு கோப்பு உருவாகும். பப் என்று முடியும் கோப்பை மட்டும் திறந்து, அதிலுள்ள ஒற்றை வரியை கிட்ஹப் அமைப்புகளில் எஸ்எஸ்எச் சாவிகள் பகுதியில் ஒட்டுங்கள். மற்றக் கோப்பு உங்கள் கணினியை விட்டு வெளியே போகக்கூடாது. ஆய்வுகூடக் கணினியில் அதை உருவாக்கவே வேண்டாம்.

சாவி போட்ட பிறகும் கடவுச்சொல் கேட்கிறதா? குளோன் செய்தது எச்டிடிபிஎஸ் முகவரியில். சாவி எஸ்எஸ்எச் முகவரிக்குத்தான் வேலை செய்யும். கிட் ரிமோட் செட்-யூஆர்எல் கொடுத்து முகவரியை மாற்றினால் சரி.

இரண்டாவது பொறி விண்டோஸில் இருக்கிறது. நீங்கள் மாற்றியது ஒரு வரி. கிட் டிஃப் (என்ன மாறியது என்று சொல்லும் கட்டளை) முழுக் கோப்பையும் சிவப்பும் பச்சையுமாகக் காட்டும். வரி முடிவுக் குறிதான் காரணம்: விண்டோஸில் சிஆர்எல்எஃப், மற்ற இடங்களில் எல்எஃப். விஎஸ் கோடின் கீழ் வலது மூலையில் எது என்று தெரியும், அங்கேயே சொடுக்கி மாற்றலாம். கிட் அமைப்பில் கோர் ஓட்டோசிஆர்எல்எஃப்பை ட்ரூ ஆக்கிவிட்டால் பிறகு தொல்லை குறைவு. சேமிக்கும்போது தானாக நிரலை ஒழுங்குபடுத்தும் வசதியும் இதே கூத்தைச் செய்யும்; அதை அணைத்து வையுங்கள். கொமிட்டுக்கு முன் கிட் டிஃப் பார்க்காமல் ஒருநாளும் அனுப்பாதீர்கள். இதற்காகவே வரைகலைக் கருவிகளை விட முனையத்தில் கிட் பழகுவது நல்லது: என்ன போகிறது என்பது கண்முன்னே கிடக்கும்.

இன்னொன்று: கொமிட்டில் பதிகிற மின்னஞ்சல் என்றைக்கும் பொதுவில் இருக்கும். கிட்ஹப் தரும் நோரிப்ளை முகவரியைப் போடுங்கள். சில திட்டங்கள் சைன்ட்-ஓஃப்-பை வரி (இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்ற உறுதி) கேட்கும். கொமிட் கட்டளையோடு சிறிய எஸ் சேர்த்தால் அது தானாக விழும்.

புல் ரிக்வெஸ்ட்டில் ஒரு விடயம் மட்டும். விளக்கத்தில் ஃபிக்ஸஸ் என்று எழுதி இஷ்யூ எண்ணைக் கொடுத்தால், ஏற்கப்பட்டதும் இஷ்யூ தானே மூடும். திருத்தச் சொன்னால் அதே கிளையில் திருத்தி மீண்டும் புஷ் செய்யுங்கள், புதிதாகத் திறக்க வேண்டாம். பலர் சம்பளமில்லாமல் வேலை முடிந்து வந்து பார்ப்பவர்கள். ஒரு வாரம் பொறுத்து மெதுவாக நினைவூட்டலாம். செயற்கை நுண்ணறிவு எழுதிய நிரலை அப்படியே அனுப்புமுன் திட்டத்தின் விதிகள் இருக்கும் கொன்ட்ரிபியூட்டிங் கோப்பைப் படியுங்கள்; ஜென்டூ, நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டங்கள் இரண்டும் 2024இல் அதைத் தடை செய்தன. ரீட்மியில் (திட்டத்தின் அறிமுகக் கோப்பு) ஒரு சொல்லை மாற்றி எண்ணிக்கை கூட்டும் வேலையும் வேண்டாம். ஒக்டோபரில் நடக்கும் பங்களிப்பு நிகழ்வான ஹக்டோபர்ஃபெஸ்ட்டில், 2020இல், டீசேர்ட்டுக்காக அப்படிக் குவிந்த குப்பையால்தான், விரும்பிச் சேரும் திட்டங்கள் மட்டும் என்று விதியை மாற்றினார்கள்.

பின்சேர்க்கை 1: சாவி, முகவரி இரண்டும் சரி, ஆனால் இணைப்பு அப்படியே தொங்கி நிற்கிறது என்று சிலர் கேட்டார்கள். போன் டேட்டாவில் போகிறது, கம்பஸ் இணைப்பில் போகவில்லை என்றால் 22ஆம் போர்ட் மூடியிருக்கும். எஸ்எஸ்எச் கொன்ஃபிக் கோப்பில் கிட்ஹப்புக்கு ஹோஸ்ட்நேம் எஸ்எஸ்எச்.கிட்ஹப்.கொம், போர்ட் 443 என்று கொடுங்கள்.

பின்சேர்க்கை 2: கலைப்பீடத்தாருக்கு என்ன வழி என்ற கேள்விக்கு: யாரும் திருத்தக்கூடிய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மெப். அதன் ஐடி எடிட்டரில் உங்கள் ஊரைத் தெரிவுசெய்து, பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்திலுள்ள கூட்டல் குறியை அழுத்தித் தமிழ்ப் பெயரைச் சேர்க்கலாம். கூகிள் மெப்பைப் பார்த்து எழுதாதீர்கள், உரிமம் இடம் தராது. ஊர்ப் பலகையைப் பார்த்து எழுதலாம்.

பின்சேர்க்கை 3: திறந்த மூலத் திட்டங்களில் நெறியாளரோடு வேலை செய்ய வைக்கும் கூகிள் சமர் ஒஃப் கோட் பற்றி. 2022 முதல் மாணவரல்லாதவரும் சேரலாம், வயது 18 ஆக வேண்டும், உதவித்தொகை உண்டு. விண்ணப்பம் வழக்கமாக மார்ச் மாதத்தை ஒட்டித் திறக்கும். அப்போதுதான் திட்டத்தைத் தேடத் தொடங்கினால் பிந்திவிடும். நெறியாளர்கள் ஏற்கெனவே அங்கே திருத்தம் ஏற்கப்பட்டவர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஒக்டோபரில் ஒரு இஷ்யூ, டிசம்பருக்குள் இரண்டு மூன்று சின்னத் திருத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செமஸ்டர் பரீட்சை நடுவில் விழுந்தால் அந்த வாரங்களை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள்.