தூத்துக்குடியை நடந்தே பார்ப்பது எப்படி: கிழக்கே கடல், மேற்கே ஊர்

நெல்லைக்காரர்களுக்குத் தூத்துக்குடி கூப்பிடு தூரம்தான். சுமார் 50 கி.மீ., பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். கல்யாணத்துக்கு, துக்கத்துக்கு, வேலைக்கு, வாகைக்குளத்தில் விமானம் ஏற என்று எத்தனையோ தடவை போயிருப்போம். ஆனால் ஊரை நடந்து பார்த்தவர்கள் குறைவு. லீவு நாளில் ஒரு முழுப் பகலை ஒதுக்கினால் போதும். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, இரண்டும் சேர்த்து ஆறேழு கி.மீ. கூட வராது.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி அங்கிருந்தே நடக்கத் தொடங்குவதுதான் பலரும் செய்கிற தவறு. கடைத்தெருவும் வண்டி நெரிசலுமே கண்ணில் படும், கடலுக்கு வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். இந்த ஊர் கரையில் பிறந்து மேற்கே வளர்ந்தது. முத்துக்குளிப்பு, போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், வெள்ளைக்காரனின் ரயில் என்று எல்லாம் கரையை ஒட்டி வந்தவை. அதனால் விடியும் முன்பே ஆட்டோ பிடித்து ஊரின் வடகோடியில் இருக்கும் திரேஸ்புரத்துக்குப் போய்விடுங்கள். அங்கிருந்து கடலை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே நடந்து வாருங்கள்.

வழி கேட்டால் இடது, வலது என்று பதில் வராது. "நேரா கெழக்க போயி தெக்க திரும்புங்க அண்ணாச்சி" என்பார்கள். கிழக்கு என்றால் கடல், மேற்கு என்றால் ஊர். இதை மனதில் வைத்துக்கொண்டால் போனில் வரைபடம் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது. சந்துக்குள் போய்த் திசை தப்பினாலும் கிழக்கே திரும்பி நடந்தால் கடற்கரைச் சாலையில் வந்து முட்டும்.

எப்போது போகலாம்?

மார்கழிக் கடைசியிலிருந்து மாசி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஊர் தாழ்வான இடம் என்பதால் ஒரு கனமழைக்கே தெருவில் தண்ணீர் கட்டி நிற்கும், 2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்கும். அப்போது போனால் கண்ணாடி இல்லாமல் கண்ணைத் திறக்க முடியாது. ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை பனிமய மாதா திருவிழா. திருவிழாவுக்கென்றே போகிறவர்கள் போகலாம், ஊர் பார்க்கப் போகிறவர்கள் வேறு நாள் பார்ப்பது நல்லது. கடற்கரைச் சாலையில் தோளோடு தோள் உரசாமல் நடக்க முடியாது.

கிழமையும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமை மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை, மாதா கோவிலில் பூசை நாள். ஆழ்கடலில் தங்கிப் பிடிக்கப் போன நாட்டுப் படகுகள் சனிக்கிழமைதான் கரைக்குத் திரும்பும். அதனால் திரேஸ்புரத்துக்குச் சனிக்கிழமையே சரியான நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களிலும் நாட்டுப் படகுகள் போய்வரும், ஆனால் மீன் விலை ஏறியிருக்கும்.

காலுக்குத் தடிமனான அடியுள்ள, சட்டென்று கழற்றி மாட்டக்கூடிய செருப்பு போடுங்கள். மணலில் தூண்டில் முள்ளும் உடைந்த சிப்பியும் கிடக்கும், வெறுங்கால் ஆகாது. கயிறு கட்டும் ஷூ என்றால் கோவில்களில் ஏறும்போதெல்லாம் குனிந்து அவிழ்க்க வேண்டும், உள்ளே போன உப்புமணல் பகல் முழுக்கக் காலை அறுக்கும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு தொப்பி அல்லது துண்டு போதும். குடை வேண்டாம், கடல்காற்று புரட்டிவிடும்.

திரேஸ்புரம்

தை மாதத்தில் ஆறரையை ஒட்டியும், வைகாசி, ஆனியில் ஆறு மணிக்கேயும் சூரியன் கடலிலிருந்து எழும். அதற்கு அரை மணி முன்னால் கரையில் இருங்கள். படகு வந்து நின்றதும் மீன் கரைக்கு வரும், வியாபாரிகள் சுற்றி நிற்பார்கள், ஏலம் தொடங்கும். எண்ணைச் சொல்கிற வேகத்தில் புதிதாகப் பார்க்கிறவருக்கு ஒன்றும் புரியாது. விலை படிந்த அடுத்த நிமிடம் மீன் அங்கே இருக்காது. படகுக்கும் ஏலத்துக்கும் இடையில் சுமை தூக்குகிறவர்கள் ஓடும் வழி ஒன்று உண்டு, அதில் மட்டும் நின்றுவிடாதீர்கள். தலைச்சுமையோடு வருகிறவரால் சட்டென்று ஒதுங்க முடியாது. படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். "யக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கிடட்டா?" என்றால் பெரும்பாலும் சிரித்துவிட்டுச் சரி என்பார்கள்.

சீலா, விளமீன், ஊழி, பாறை, சாளை, கணவாய், நண்டு எல்லாம் ஓரிடத்தில் பார்க்கலாம். நல்ல மீனைக் கண்டுபிடிக்கப் பழகவும் இதைவிட நல்ல இடம் கிடையாது. கண் தெளிந்து பிதுங்கி இருக்க வேண்டும், குழிந்து வெளுத்தால் பழசு. செவுள் நல்ல சிவப்பு. சாளையில் முதலில் கெடுவது வயிறு, அது உடையாமல் செதில் பளபளவென்று இருக்கிறதா பாருங்கள். கணவாயின் மேல்தோலில் பழுப்புப் புள்ளிகள் தெளிவாகத் தெரிய வேண்டும், இளஞ்சிவப்பு ஓடிவிட்டால் வாங்காதீர்கள். அமாவாசையை ஒட்டிப் பிடித்த நண்டில் சதை கூடுதல் என்பது கரையில் உள்ளவர்கள் சொல்லும் கணக்கு. காலையில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாங்கினால் பகல் முழுக்கச் சுமக்க வேண்டும்.

பழைய துறைமுகமும் கோவில்களும்

தெற்கே நடந்தால் அரை மணிக்குள் பழைய துறைமுகம். உள்ளே விட மாட்டார்கள், வாசலில் படம் எடுக்கவும் கூடாது. வெளியிலிருந்தே மரத்தோணிகள் தெரியும். மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிப் போகிறவை இவை. காற்றுக் காலத்தில் போனால் பெரும்பாலும் ஓய்வாக நிற்கும், அதை வைத்து ஏமாந்துபோக வேண்டாம்.

ரயில்வே ஸ்டேஷன் ஏன் கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கும் விடை இங்கேதான். 1914இல் பாம்பன் பாலம் திறக்கும்வரை கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடியில்தான் ரயிலை விட்டுக் கப்பல் ஏறினார்கள். அந்தக் கொழும்புத் தடத்தில்தான் வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, காலியா, லாவோ என்ற கப்பல்களை விட்டார். கரையில் பத்து நிமிடம் நின்று இதை நினைத்துப் பார்க்காமல் நகராதீர்கள். ஊரில் எந்தச் சிலையைப் பார்ப்பதைவிடவும் இது மேல்.

இதே கடற்கரைச் சாலையில் 1750இல் டச்சுக்காரர்கள் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் இருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர்ச்சுருக்கமும் வி.ஓ.சி. என்ற மூன்றெழுத்துதான். நம் சிதம்பரனாருக்கும் ஆங்கிலத்தில் அதே மூன்றெழுத்து. தற்செயல்தான், ஆனாலும் பிள்ளைகளோடு போனால் இதைச் சொல்லுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

பனிமய மாதா பேராலயத்துக்கு எட்டு மணியை ஒட்டிப் போய்ச் சேர்ந்தால் நல்லது. வெளிச்சம் முகப்பில் நேராக விழும். இப்போதுள்ள கோவில் 1713இல் எழுந்தது. மாதா சொரூபம் 1555இல் மணிலாவிலிருந்து சாந்தா ஹெலேனா என்ற கப்பலில் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1982இல் பசிலிக்கா என்ற தகுதி கிடைத்தது. பூசை நடக்கும்போது பின்வரிசையில் நிற்கலாம், நடுவே நடக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. இன்றும் சங்கு குளிக்கிறவர்கள் இந்த ஊரில் உண்டு.

இட்லி, தோசை முடித்துவிட்டு மேற்கே திரும்பி, பாகம்பிரியாள் உடனுறை சங்கரராமேசுவரர் கோவிலுக்கு நடங்கள். பக்கத்திலேயே பெருமாள் கோவில். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். பங்குனி முதல் ஆனி வரை என்றால் வழியில் பதநீர் கிடைக்கும், பத்து மணிக்கு முன் குடித்துவிடுங்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்குவதால்தான் அது புளிக்காமல் இருக்கிறது. வெயில் ஏறினால் அதுவும் தாங்காது. ஓலைப்பட்டையில் வாங்கினால் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கம் சாய்ந்தால் மொத்தமும் சட்டையில்.

பதினொன்று முதல் நாலு வரை நடக்க வேண்டாம். மீன் சாப்பாடு, நிழல், ஒரு தூக்கம்.

சாயங்காலம்

நாலரைக்குத் திரும்பவும் கிழக்கே வந்து, தெற்குக் கடற்கரைச் சாலையில் ரோச் பூங்கா வரை நடங்கள். வெயில் முதுகுப்புறம் போயிருக்கும், கடல்காற்று முகத்தில் அடிக்கும். குழந்தைகள் அங்கேயே விளையாடட்டும். இன்னும் தெற்கே, புதிய துறைமுகம் போகும் வழியில் முத்துநகர் கடற்கரை இருக்கிறது. அதுவரை நடப்பது கால் வலிக்கு வழி, ஆட்டோ எடுத்துக்கொள்ளலாம். உப்பளங்களும் அப்படித்தான். முள்ளக்காட்டுப் பக்கமோ தருவைகுளம் சாலையிலோ வண்டியில் போய், வாயிலில் கேட்டுக்கொண்டே இறங்க வேண்டும். வரப்பு வழுக்கும், வெள்ளை உப்பின் வெளிச்சம் கண்ணைக் கூசும்.

தூத்துக்குடி விசைப்படகுகள் காலை ஐந்துக்குப் போய் இரவு ஒன்பதுக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது கட்டுப்பாடு. அதனால் மீன்பிடித் துறைமுகத்தில் பரபரப்பு இரவில்தான், விடியலில் போய் ஏமாந்தவர்கள் அதிகம். மீன் வாங்குவதாக இருந்தால் இப்போது வாங்குங்கள். ஏலத்தில் கை தூக்க வேண்டாம், அது மொத்த வியாபாரம். வெளியே பெண்கள் கூறு வைத்திருப்பார்கள். தெர்மாகோல் பெட்டியில் அடியில் ஐஸ், மேலே மீன், அதற்கு மேல் ஐஸ், மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ்.

இந்த ஊர் இனிப்பான மக்ரூனை அதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், இரவில் நல்ல சரக்கு தீர்ந்துவிடும். பாதாமுக்குப் பதில் முந்திரி, அதோடு முட்டை வெள்ளையும் சீனியும், வேறொன்றும் கிடையாது. தேங்காய் சேர்த்தது தூத்துக்குடி மக்ரூன் ஆகாது. நுரைக்க அடித்த முட்டை வெள்ளையில் சீனியையும் முந்திரிப் பொடியையும் கலந்து, சுருட்டிய தாளின் முனை வழியே சங்குபோலப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நேரம் எடுத்து வேகவைப்பார்கள். ஒன்றை உடைத்துப் பாருங்கள். முனை படக்கென்று ஒடிய வேண்டும், நடுவில் மட்டும் லேசான பிசுபிசுப்பு, நாக்கில் வைத்ததும் கரைந்து முந்திரி வாசம் மிஞ்ச வேண்டும். பல்லில் கடகடத்தால் சீனி கூடுதல். முட்டை சாப்பிடாதவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

இதற்கு எதிரி ஈரம். இந்த ஊர்க் காற்றில் ஒரு மணி நேரம் திறந்து கிடந்தாலே நமுத்துப்போகும். வீட்டிலிருந்தே மூடி இறுகும் எவர்சில்வர் டப்பா கொண்டுபோய் நேராக அதில் வாங்குங்கள். பஸ்ஸில் மீன் பெட்டியை விளிம்பெல்லாம் டேப் ஒட்டி மூடிக் காலடியில் வையுங்கள், தண்ணீர் சொட்டினால் கண்டக்டர் ஏற்ற மாட்டார். மக்ரூன் டப்பா மடியிலேயே இருக்கட்டும்.